துறைமுகக் கிடங்கைக் கலைவெளியாக மாற்றும் முறை: பத்திரத்திலிருந்து முதல் பார்வையாளர் வரை

கொச்சியில் மட்டாஞ்சேரி, ஃபோர்ட் கொச்சி காயல் கரைகளில் வரிசையாக நிற்கும் வெட்டுக்கல் (செம்பூராங்கல்) கிடங்குகளை மனத்தில் வைத்தே இந்த வழிகாட்டி எழுதப்பட்டுள்ளது. 2012 டிசம்பர் 12 அன்று தொடங்கிய கொச்சி-முசிறிஸ் பினாலே என்ற ஈராண்டுக் கலைவிழா, ஆஸ்பின்வால் வளாகம், பெப்பர் ஹவுஸ் போன்ற வணிகக் கட்டடங்களை அரங்குகளாக்கிய பிறகு இந்தியத் துறைமுக ஊர்கள் பலவற்றில் அதே ஆசை எழுந்திருக்கிறது. ஆசையோடு வருபவர்கள் பெரும்பாலும் வெள்ளையடிப்பதில் தொடங்குகிறார்கள். வெள்ளையடிப்பு கடைசியில் வரவேண்டிய வேலை.

கணக்குக்கு ஒரு மாதிரிக் கட்டடத்தை எடுத்துக்கொள்வோம். 40 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம், தரைப்பரப்பு 600 சதுர மீட்டர். வெட்டுக்கல் சுவர், மர ட்ரஸ் (கூரையைத் தாங்கும் முக்கோணச் சட்டம்), மங்களூர் ஓடு. ஒரு பக்கம் காயல், மறுபக்கம் தெரு. மழைக்காலம் முடிந்து டிசம்பரில் திறப்பதென்றால் முந்தைய ஆண்டு அக்டோபரிலேயே வேலை தொடங்கியிருக்க வேண்டும்.

1. பத்திரமும் அனுமதியும்

துறைமுகக் கட்டடத்தின் உரிமையாளர் மூவரில் ஒருவராக இருப்பார்: தனியார், துறைமுக ஆணையம், அல்லது மாநில அரசின் ஏதோ ஒரு துறை. சில நேரம் கட்டடம் ஒருவருடையது, அடியிலுள்ள நிலம் இன்னொருவருடையது, முன்னாலுள்ள படித்துறை மூன்றாமவருடையது. மூன்றுக்கும் தனித்தனிப் பத்திரம் பாருங்கள். படித்துறை உங்கள் கையில் இல்லையென்றால் பெரிய படைப்புகளைப் படகில் இறக்கும் திட்டம் அங்கேயே முடிந்துவிடும்.

ஆஸ்பின்வால் வளாகம் பினாலேயின் தலைமை அரங்காகவே அறியப்பட்டாலும் அது பினாலேயின் சொந்த இடமல்ல. அந்த இடம் கிடைக்குமா என்ற கேள்வி பல பதிப்புகளில் எழுந்திருக்கிறது. அதனால் ஒப்பந்த காலத்தை வைத்தே வேலையின் ஆழத்தை முடிவு செய்யுங்கள். ஐந்து ஆண்டுக்குக் குறைந்த குத்தகை என்றால் கூரை, மின்சாரம், கதவு ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மற்ற எல்லாமே கழற்றி எடுத்துச் செல்லக்கூடியதாக இருக்கட்டும். கூரைச் செலவு யாருடையது என்பதை ஒப்பந்தத்தில் ஒரு தனி வரியாக எழுதி வாங்குங்கள். பின்னால் வரும் சச்சரவுகளில் பாதி அதில்தான் தொடங்கும்.

கட்டடம் துறைமுகச் சுற்றுச்சுவருக்கு உள்ளே இருந்தால் சுங்கப் பகுதி, பாதுகாப்புப் படை, நுழைவுச் சீட்டு என்று மூன்று வாசல்கள் உண்டு. பொதுமக்கள் நுழைய அடையாள அட்டை கேட்கும் இடம் பொது இடமே ஆகாது. கட்டடத்தை வெளியே விட்டுச் சுற்றுச்சுவரை உள்ளே நகர்த்திக்கட்ட ஆணையம் எழுத்தில் ஒப்புக்கொண்ட பிறகே அந்த இடத்தில் பணம் போடுங்கள்.

அடுத்தது கடலோர ஒழுங்குமுறை மண்டலம். 2019 அறிவிக்கையின்படி, கடலோரத்தில் உயர் ஓதக் கோட்டிலிருந்து, அதாவது கடலேற்றத்தின்போது நீர் எட்டும் உச்ச எல்லையிலிருந்து, 500 மீட்டர் வரை கட்டுப்பாடு உண்டு. ஓதநீர் ஏறி இறங்கும் காயல், கழிமுகக் கரைகளில் 50 மீட்டர் அல்லது நீர்நிலையின் அகலம், இரண்டில் எது குறைவோ அது. பழுதுபார்ப்பு வேறு, பயன்பாட்டு மாற்றம் வேறு. ‘சேமிப்பு’ என்று பதிவான கட்டடத்தை ‘மக்கள் கூடும் இடம்’ என்று மாற்ற உள்ளாட்சியும் தீயணைப்புத் துறையும் சம்மதிக்க வேண்டும். இந்த விண்ணப்பத்தை முதலில் கொடுப்பதற்குக் காரணம் உண்டு. எத்தனை கதவு, எவ்வளவு அகலம் என்பதை அந்தச் சம்மதம்தான் தீர்மானிக்கும். வரைபடம் அதற்குப் பிறகுதான்.

2. துடைக்கும் முன் படியுங்கள்

முதல் நான்கு வாரம் துடைப்பம் எடுக்க வேண்டாம். சுவரிலுள்ள சரக்குக் குறிகள், கரியால் எழுதிய மூட்டைக் கணக்கு, தரையில் வண்டிச் சக்கரம் தேய்த்த பள்ளம், எடைத்தராசு நின்ற குழி, கப்பி மாட்டிய வளையம் ஆகியவைதான் அந்தக் கட்டடத்தில் உழைத்தவர்கள் விட்டுச்சென்ற எழுத்து. சுத்தம் செய்ய வரும் ஒப்பந்தக்காரர் ஒரே நாளில் இவற்றை அழித்துவிடுவார். அவர்மேல் தவறில்லை; எது அழுக்கு, எது ஆவணம் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஒவ்வொரு ட்ரஸ்ஸுக்கும் ஒவ்வொரு சுவர்த் துண்டுக்கும் எண் கொடுத்து, அளவுகோலை அருகில் வைத்துப் படம் எடுங்கள். காக்க வேண்டிய இடத்தை நூல் கட்டி அடையுங்கள், அட்டையும் தொங்கவிடுங்கள். அந்தக் கிடங்கில் வேலை பார்த்த சுமைத் தொழிலாளர்கள் அக்கம்பக்கத்திலேயே இருப்பார்கள். எந்த மூலையில் தண்ணீர் தேங்கும், எந்த மாடியில் மூட்டை அடுக்கப் பயந்தார்கள் என்று பொறியாளருக்கு முன்பே அவர்கள் சொல்லிவிடுவார்கள்.

3. உடம்புக்கு ஆகாதவற்றை அகற்றுதல்

கூரையில் ஓட்டுக்குப் பதில் சிமெண்ட் தகடு போட்டிருந்தால் அது ஆஸ்பெஸ்டாஸ் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த நிலையில் உடைத்தால் இழை காற்றில் பரவும். தண்ணீர் தெளித்து நனைத்து, போல்ட்டை வெட்டி, தகட்டை முழுதாக இறக்குங்கள். இரண்டு அடுக்குப் பிளாஸ்டிக்கில் சுற்றி ஒட்டி, அபாயக் கழிவை ஏற்கும் இடத்துக்கு அனுப்புங்கள். துணி முகமூடி போதாது. துகள் வடிகட்டும் சுவாசக் கவசம் வேண்டும்.

புறா, வௌவால் எச்சத்தை உலர்ந்தபடி பெருக்கவே கூடாது. அதிலுள்ள பூஞ்சையும் கிருமியும் நுரையீரலைத் தாக்கும். நனைத்து, சுரண்டி, மூட்டை கட்டுங்கள்.

மண்ணையும் சோதிக்க வேண்டும். தோல் வைத்திருந்த கிடங்கில் ஆர்செனிக், குரோமியம். படகு பழுதுபார்த்த இடத்தில் ஈய வண்ணம். பழைய மின்மாற்றி நின்ற மேடையில் நச்சு எண்ணெய் இருக்கலாம். முற்றத்தில் ஐந்தாறு இடங்களில் அரை மீட்டர் ஆழ மண் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பி, முடிவு வந்த பிறகே தோண்டுங்கள். குழந்தைகள் மண்ணில் விளையாடும் இடமாக அது மாறப்போகிறது என்பதை நினைவில் வையுங்கள்.

4. தண்ணீர்: மேலிருந்து, கீழிருந்து, சுவருக்குள்ளிருந்து

நேரமும் பணமும் அதிகம் கேட்பது இந்தப் படி. இதில் அவசரப்பட்டவர்கள் திறப்பு நாளில் வாளி வைத்திருக்கிறார்கள். 2022 டிசம்பர் 12-இல் திறக்க வேண்டிய கொச்சி பினாலேயின் முக்கிய அரங்குகள் 23-ஆம் தேதிக்குத் தள்ளிப்போயின. பங்கேற்ற கலைஞர்கள் எழுதிய பொதுக் கடிதத்தில் மழை ஒழுகலும் நிலையில்லாத மின்சாரமும் இடம்பெற்றிருந்தன.

கூரை. மாதிரிக் கட்டடத்தில் 30 பாகைச் சரிவு, இறவாரம் நீங்கலாகச் சுமார் 700 சதுர மீட்டர் கூரைப் பரப்பு வரும். சதுர மீட்டருக்குச் சுமார் 15 ஓடு என்றால் 10,500. உடைசலுக்குப் பத்து சதவீதம் சேர்த்து 11,550 ஓடு கணக்கில் வையுங்கள். பழைய ஓட்டை விரல் முட்டியால் தட்டிப்பாருங்கள். கணீரென்றால் வைத்துக்கொள்ளலாம், மொத்தென்றால் விரிசல். ஓட்டில் ஆலையின் முத்திரை இருக்கும். வேறு வேறு ஆலை ஓடுகளின் பூட்டு ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தாது. முத்திரை பார்த்துப் பிரித்து, ஒரு சரிவுக்கு ஒரே ஆலை ஓடு என்று வையுங்கள். ‘புது ஓடு போட்டும் ஒழுகுகிறது’ என்ற புகாருக்குப் பெரும்பாலும் இந்தக் கலப்புதான் காரணம்.

ஓடு கழற்றும்போது இரண்டு சரிவிலும் சமமாக இறக்கிக்கொண்டே வரவேண்டும். ஒரு பக்கம் முழுதாகக் கழற்றி மறுபக்கத்தை அப்படியே விட்டால் பாரம் ஒருச்சாய்ந்து, பழைய ட்ரஸ் முறுக்கிக்கொள்ளும். பழைய ரீப்பர்களின் (ஓடு உட்காரும் மரச் சட்டங்கள்) இடைவெளியை அளந்து புதியதையும் அதே இடைவெளியில் அடியுங்கள். ஓட்டுக்கு அடியில் பிளாஸ்டிக் தாள் விரிப்பது புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு. மரத்தின் ஈரம் வெளியேற வழியில்லாமல் ரீப்பர் இரண்டு மூன்று மழையில் உளுத்துவிடும். கூரை வேலை மே கடைசிக்குள் முடிய வேண்டும். ஜூன் மழை வேலை சரியா என்று சோதித்துச் சொல்லட்டும். ஒழுகும் இடத்தைச் சுண்ணக்கட்டியால் தரையில் குறித்து, மழை விட்ட நாட்களில் சரிசெய்யுங்கள்.

ஓதம். கொச்சிக் காயல் கரையில் பெருமழை ஓய்ந்த நவம்பர் முதல் பிப்ரவரி வரை, அமாவாசை பௌர்ணமியை ஒட்டி ஏறும் பெரிய ஓதம் தெருவுக்குள் வரும். கண்காட்சிக் காலமும் அதேதான். இந்திய நில அளவைத் துறை வெளியிடும் ஓத அட்டவணையில் உங்கள் நாட்களைப் பாருங்கள். பழைய நீர்க்கோடு சுவரில் தெரியும். அதிலிருந்து 60 சென்டிமீட்டர் மேலேதான் பிளக் பாயிண்ட், கேபிள், மரப்பெட்டி எல்லாம். காயலில் விழும் ஒவ்வொரு வடிகால் வாயிலும் ஒருவழி மூடி போடுங்கள். அது இல்லையென்றால் மழைநீரை வெளியேற்றும் அதே குழாய் காயலை உள்ளே கொண்டுவரும். மூடியில் குப்பை சிக்கினால் மூடாது என்பதால், பெரிய ஓத நாளுக்கு முந்தின மாலை ஒருவர் போய்த் துப்புரவாக்க வேண்டும்.

சுவர். வெட்டுக்கல் நுண்துளை நிறைந்த கல். தரையிலிருந்து உப்புநீரை உறிஞ்சி மேலேற்றும். அதன்மேல் யாரோ பூசிய சிமெண்ட் பூச்சு ஈரத்தை உள்ளே பூட்டும். பூச்சுக்குப் பின்னால் உப்புப் படிகமாகிப் பூத்து, கல்லின் முகத்தோடு சேர்த்துத் தள்ளும். சிமெண்டை உளியால் மெதுவாகக் கொத்தி எடுங்கள். மின் சுத்தியல் கல்லையே பிளந்துவிடும். பூத்த உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி அள்ளி வெளியே கொட்டுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து திரும்பவும் சுவருக்குள் போகும். அதிகம் பூக்கும் இடத்தில் காகிதக் கூழைக் காய்ச்சி வடித்த நீரில் குழைத்து இரண்டு சென்டிமீட்டர் கனத்தில் அப்பி, முழுதாகக் காயவிட்டு உரித்தெடுங்கள். உப்பு கூழோடு வரும். இரண்டு மூன்று முறை செய்ய வேண்டியிருக்கும்.

பிறகு சுண்ணாம்புக் காரை: நீற்றிப் புளிக்கவைத்த சுண்ணாம்பு ஒரு பங்கு, உப்பில்லாத ஆற்று மணல் மூன்று பங்கு. ஒரு பூச்சு 10 மி.மீ. கனத்துக்கு மேல் போகக்கூடாது. ஈரச் சாக்கு கட்டி ஒரு வாரமாவது நனைத்துவைக்க வேண்டும். வேகமாகக் காய்ந்தால் பூச்சு தூளாகும். மேலே சுண்ணாம்பு அடியுங்கள். எமல்ஷன் பெயிண்ட் சிமெண்டைப் போலவே மூச்சை அடைக்கும். காய்வதற்கு நேரம் இல்லையென்றால் பூசாதீர்கள். வெறும் கல்லாகவே விட்டு, முன்னால் தனிச்சுவர் நிறுத்திக்கொள்வது நல்லது.

5. தரை, மாடி, தொங்கும் பாரம்

மக்கள் நெருக்கமாக நிற்கும் கூடத்துக்கு, நிலையான இருக்கை இல்லாதபோது, இந்தியத் தரநிலை கேட்பது சதுர மீட்டருக்கு 5 கிலோ நியூட்டன், அதாவது ஏறக்குறைய 500 கிலோ. ‘மூட்டை தாங்கிய மாடி, மனிதரைத் தாங்காதா?’ என்று கேட்பார்கள். மூட்டை அசையாது. மனிதர் நடப்பார், ஒரே மூலையில் கூடுவார். அதோடு மூட்டை தாங்கிய காலத்தில் உத்திரத்தின் முனை உளுத்திருக்கவில்லை.

உத்திரம் சுவருக்குள் நுழையும் கடைசி 15 செ.மீ.தான் முதலில் கெடும். ஈரமும் கரையானும் அங்கேதான். ஒவ்வொரு முனையிலும் கூரான ஊசியால் குத்திப்பாருங்கள். சில மில்லிமீட்டருக்கு மேல் எளிதாக இறங்கினால் அந்த முனைக்கு மாற்றுத் தாங்கல் வேண்டும். சுவரை ஒட்டி எஃகுத் தாங்கி வைப்பது போதும், உத்திரத்தையே மாற்றவேண்டியதில்லை. மாடியின் வலு உறுதியாகும்வரை ஒரே நேரத்தில் எத்தனை பேர் என்ற வரம்பைப் படிக்கட்டின் கீழே எழுதி, அங்கே ஆள் நிறுத்துங்கள்.

மர ட்ரஸ் கூரையின் எடைக்கும் காற்றுக்கும் கணக்கிட்டது. 200 கிலோ சிற்பத்தை அதில் தொங்கவிடச் சொல்லும் கலைஞரிடம் முடியாது என்று சொல்லத் தெரிய வேண்டும். பதிலுக்குத் தரையில் நிற்கும் எஃகுச் சட்டம் கொடுங்கள்: இரண்டு தூண், மேலே ஒரு ஐ-பீம், தூணடியில் பாரத்தைப் பரப்ப 40 செ.மீ. சதுரத் தகடு. எல்லா போல்ட்டும் 316 வகை எவர்சில்வர். உப்புக்காற்றில் சாதாரண நட்டு ஒரே பருவத்தில் துருப்பிடித்து இறுகும்.

சுவரை வெட்டுவதாக இருந்தால் ஒரு விதி: முதலில் தாங்கல், பிறகு வெட்டு. கேப் டவுன் துறைமுகத்தில் 2017-இல் திறந்த ஸைட்ஸ் அருங்காட்சியகம் 1920-களின் தானியக் களஞ்சியத்தில் அமைந்தது. 42 கான்கிரீட் குழல்களைக் குடைந்து நடுக்கூடம் உண்டாக்கும் முன், குழல்களுக்கு உள்ளே புதிய கான்கிரீட் உறை வார்த்தார்கள். அதற்குப் பிறகே மெலிந்த பழைய சுவரை வெட்டினார்கள்.

6. வெளியேறும் வழி

2016 தேசியக் கட்டட விதித்தொகுப்பை வைத்துக் கணக்கிடுவோம். இருக்கையில்லாத கூடத்தில் ஆளுக்கு 1.5 சதுர மீட்டர். 600-ஐ வகுத்தால் 400 பேர். சமதளத்தில் ஆளுக்கு 6.5 மி.மீ. வெளியேறும் அகலம் வேண்டும், மொத்தம் 2.6 மீட்டர். ஆனால் மக்கள் கூடும் கட்டடத்தின் வெளியேறும் கதவு 2 மீட்டருக்குக் குறையக்கூடாது. ஆகவே எதிரெதிர் முனைகளில் 2 மீட்டர் அகலத்தில் இரண்டு கதவு.

எந்த இடத்திலிருந்தும் கதவுக்கு நடக்கும் தூரம் 30 மீட்டரைத் தாண்டக்கூடாது. வெறும் கூடத்தில் இது எளிது. உள்ளே தடுப்புச்சுவர் நிறுத்தி வளைந்து வளைந்து போக வைத்தால் அதே கூடத்தில் 45 மீட்டர் ஆகிவிடும். நேர்கோட்டில் அளக்காதீர்கள்; நாடாவைத் தடுப்புகளைச் சுற்றி இழுத்து, நடக்கும் வழியில் அளங்கள். கண்காட்சி அமைப்பு மாறும் ஒவ்வொரு முறையும் மறுபடி அளங்கள்.

கிடங்குக் கதவுகள் பக்கவாட்டில் நகர்பவை, அல்லது ஷட்டர். நெருக்கடியில் கூட்டம் தள்ளும்போது இவை திறக்காது. பழைய கதவைத் திறந்த நிலையில் பின் போட்டுப் பூட்டிவைத்து, உள்ளே வெளிப்பக்கம் திறக்கும் புதுக்கதவு பொருத்துங்கள். பழைய கதவு பார்வைக்கு அப்படியே இருக்கும். வாசற்படி உயரத்துக்கு 1:12 சாய்தளம் வேண்டும், 30 செ.மீ. உயரப் படிக்கு 3.6 மீட்டர் நீளம். தெரு குறுகலாக இருந்தால் சாய்தளத்தை உள்ளே திருப்புங்கள்.

7. மின்சாரம்

கணக்கு இப்படி வரும்: 500 வாட் புரொஜெக்டர் 20 என்றால் 10 கிலோவாட்; விளக்கு 6; குளிரூட்டிய இரண்டு அறைக்கு 8; ஒலி, கணினி, டிக்கெட் கவுண்டர் 3. மொத்தம் 27 கிலோவாட். ஏசி கிளம்பும்போது இழுக்கும் மின்னோட்டத்தையும் சேர்த்து 62.5 கே.வி.ஏ. ஜெனரேட்டர் வைத்தால் நிம்மதி. மும்முனை இணைப்புக்குத் திறப்புக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பியுங்கள். கடைசி மாதத்தில் ஜெனரேட்டரை மட்டும் நம்பினால் டீசல் செலவு கலைஞர்களின் ஊதியத்தைத் தின்னும்.

வயரிங்கைச் சுவரைக் கீறிப் புதைக்காதீர்கள். மேலே தெரியும் குழாயில், கல்லில் துளையிடாமல் காரைச் சந்துகளில் மட்டும் ஆணியடித்துப் பொருத்துங்கள். சந்தை மறுபடி அடைக்கலாம், கல்லை ஒட்ட முடியாது. ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) கட்டாயம். ஈரக்காற்றில் அது அடிக்கடி விழுந்தால் அதைக் கழற்றி நேரடி இணைப்பு கொடுப்பார்கள். உயிரைப் பறிக்கும் செயல் அது. சர்க்யூட்டைச் சிறிதாகப் பிரித்தால் ஒன்று விழுந்தாலும் மற்றவை ஓடும். வெளிப்பெட்டிகள் தூசும் நீரும் புகாத ஐ.பி. 65 தரம், கேபிள் முனைகளுக்கு வெள்ளீயம் பூசிய செம்பு லக்.

8. கலைக்கான அறைகள்

600 சதுர மீட்டரையும் குளிரூட்ட முயலாதீர்கள். ஓட்டுக்கூரை மூச்சுவிடும் கூரை, குளிர் தங்காது. காகிதம், துணி, பழைய ஒளிப்படம் ஆகியவற்றுக்கு மட்டும் கூடத்துக்குள் மூடிய அறை கட்டுங்கள். சட்டத்தின்மேல் ஐ.எஸ். 710 தர மரைன் பிளைவுட், பழைய சுவரிலிருந்து குறைந்தது 10 செ.மீ. தள்ளி. இடைவெளியில் காற்று ஓட வேண்டும். இல்லையென்றால் பின்புறம் பூஞ்சை பூக்கும்.

ஏசியை 20 பாகையில் வைப்பது அடுத்த பிழை. ஈரமான நாளில் வெளிக்காற்று 24, 25 பாகையிலேயே வியர்க்கத் தொடங்கும். குளிர்ந்த பலகையின் வெளிமுகத்தில் நீர் கோத்து வழியும். 25-க்குக் குறையாமல் வைத்து, ஈரம் உறிஞ்சும் கருவியை இரவும் பகலும் ஓடவிடுங்கள். இரவில் மின்சாரம் மிச்சம் பிடிக்க நிறுத்தினால், ஏறி இறங்கும் ஈரம் காகிதத்தை அலையலையாக்கும்.

காகிதம், துணிக்கு ஒளி 50 லக்ஸ். எண்ணெய் ஓவியத்துக்கு 200. காயல்பக்க ஜன்னலில் நீரில் பட்டுத் தெறிக்கும் வெயில் கீழிருந்து வரும். சன்ஷேடு அதைத் தடுக்காது. கண்ணாடியில் புற ஊதா வடிகட்டும் படலமும் கீழ்ப்பாதிக்குக் காதித் திரையும் போடுங்கள். ஜன்னலை முழுதாக அடைக்க வேண்டாம். கப்பல் கண்ணெதிரே போகும் கட்டடத்தில் அதை மறைத்துவிட்டால் பிறகு எதற்குத் துறைமுகம்?

9. படைப்பு வருதல், ஒத்திகை, திறப்பு

40 அடி கன்டெய்னர் மட்டாஞ்சேரிச் சந்துகளில் திரும்பாது. துறைமுகத்திலேயே பெட்டியைப் பிரித்துச் சிறு வண்டிக்கு மாற்றத் திட்டமிடுங்கள். கலைஞருக்கு முன்கூட்டியே அனுப்ப வேண்டிய அளவு அரங்கின் அளவு மட்டுமல்ல. வழியிலுள்ள மிகக் குறுகலான திருப்பத்தின் அகலமும் வாசலின் உயரமும் அதில் இருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்து திரும்பிப்போகும் படைப்புக்கு ஏ.டி.ஏ. கார்னெட் (தற்காலிகமாகச் சுங்கவரியின்றிக் கொண்டுவர உதவும் ஆவணம்) வாங்கச் சொல்லுங்கள். அதிலுள்ள பட்டியலும் பெட்டியிலுள்ள பொருளும் ஓர் உருப்படி வேறுபட்டாலும் சுங்கத்தில் நிற்கும்.

சுற்றியுள்ள தொழிலை நிறுத்தாதீர்கள். மும்பை சஸூன் டாக்கில் 2017-இல் நடந்த கலைத்திட்டம் மீன் இறக்கும் துறையின் நடுவேதான் நடந்தது. சுமைவண்டி போகும் நேரத்தைத் தொழிலாளர்களிடம் கேட்டு, பார்வையாளர் வரிசையை அதற்கேற்ப வையுங்கள். அறிவிப்புப் பலகை அந்த ஊர் மொழிகளில் இருக்கட்டும். ஃபோர்ட் கொச்சியில் மலையாளம், ஆங்கிலத்தோடு தமிழும் தேவை. அங்குள்ள வண்ணான் துறையில் தலைமுறைகளாகத் துவைப்பவர்கள் தமிழர்கள். முதல் நாள் அழைப்பு அவர்களுக்கும் போகவேண்டும்.

திறப்புக்குப் பத்து நாள் முன் ஒத்திகை வையுங்கள். அக்கம்பக்கத்தார் 200 பேரை அழைத்து, எல்லாக் கருவியும் ஓடும்போது மெயின் சுவிட்சை அணையுங்கள். ஜெனரேட்டர் எத்தனை நொடியில் எடுக்கிறது, அவசர விளக்கு எரிகிறதா, கடைசி ஆள் வெளியேற எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறியுங்கள். சக்கர நாற்காலியில் ஒருவரும் குழந்தையோடு ஒருவரும் அந்தக் கூட்டத்தில் இருக்க வேண்டும்.

திறந்த பிறகு காவலரின் பதிவேட்டில் தினமும் நான்கு வரி: அறைகளின் ஈர அளவு, ஆர்.சி.சி.பி. சோதனைப் பொத்தான், ஓடு சரிந்த இடம், வடிகால் மூடி. திங்கள்தோறும் ஒருவர் ஏணி வைத்து ஏறி வாய்க்கால் தகட்டிலுள்ள இலையை அள்ளட்டும்.